மேலும் கீழும் கறுப்பு
(சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் கையில் இருக்கும் இந்த அட்டையைப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் வேலைப்பாட்டுக்கு வாங்கும் சாதாரண வெள்ளை அட்டைதான். காலையில் தேக்கா சந்தைக்குப் போன கையோடு வாங்கி வந்தேன். அகலம் 48 சென்டிமீட்டர், உயரம் 27 சென்டிமீட்டர் என்று அளந்து வெட்டியிருக்கிறேன். ஏன் இந்த அளவு என்றால், 55 அங்குலத் தொலைக்காட்சி என்று கடையில் விற்கிறார்களே, அதன் திரையை அளந்து பார்த்தால் அகலம் கிட்டத்தட்ட 48 அங்குலமும் உயரம் 27 அங்குலமும் இருக்கும். 55 என்பது மூலைக்கு மூலை எடுக்கும் அளவு. ஆக, அங்குலத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இந்த அட்டைதான் உங்கள் வீட்டு டிவி.

இப்போது மேலே மூன்றரை சென்டிமீட்டர் கறுப்புத் தாள் ஒட்டுகிறேன். கீழேயும் அதே மூன்றரை. நடுவில் மிஞ்சுவது 48-க்கு 20. நேற்றிரவு நீங்கள் படம் பார்த்தது இந்த இடத்தில்தான். திரையில் நாலில் ஒரு பங்கு கறுப்பாகவே இருந்தது.

இந்த நாலில் ஒரு பங்குக்காக என்னிடம் சண்டை போட்டவர்கள் எத்தனையோ பேர். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தொலைக்காட்சி விற்று, பழுதும் பார்க்கும் கடை ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்தவன் நான். தட்டைத் திரை டிவிகள் வந்த புதிதில் திங்கட்கிழமை காலை என்றாலே எங்களுக்குப் பயம். சனிக்கிழமை டிவி வாங்கிப் போனவர்கள் ஞாயிற்றுக்கிழமை படம் போட்டுப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்பார்கள். "தம்பி, முழு டிவிக்குக் காசு குடுத்தேன், முக்கால் டிவிதான் தெரியுது லா" என்று ஓர் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவர் சொன்ன கணக்கு சரி. கறுப்பைக் கழித்தால் முக்கால்தான். அன்றைக்கு எனக்கிருந்த அவசரத்தில், ரிமோட்டை எடுத்து 'ஜூம்' பொத்தானை அழுத்தி, திரை நிறையப் படத்தைக் காட்டி அனுப்பி வைத்தேன். அந்த அம்மா சந்தோஷமாகப் போனார். நான் செய்தது தவறு. அவருக்குக் கிடைத்த முழுப் படத்தில் நாலில் ஒரு பங்கை நான் பிடுங்கிக்கொண்டு அனுப்பினேன் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு உங்கள் முன் நின்று பேச ஒப்புக்கொண்டதே அந்தக் கடனைத் தீர்க்கத்தான்.

முதலில் ஒரு கேள்வி. திரைப்படத்துக்கு ஏன் ஒரு வடிவம், டிவிக்கு ஏன் இன்னொரு வடிவம்? ஆரம்பத்தில் அப்படி இல்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

இங்கிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் அப்பர் டிக்சன் சாலை. டிக்சன் என்றே ஒருவர் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார், வில்லியம் டிக்சன். நம் சாலைக்கும் அவருக்கும் வெறும் பெயர்ப் பொருத்தம்தான். ஆனால் நான் அந்தச் சாலையில் தோசை சாப்பிடப் போகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். 1890-களின் தொடக்கத்தில், 35 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருளை எடுத்து, இரு ஓரத்திலும் துளையிட்டு, ஒரு படத்துக்கு நான்கு துளை உயரம் என்று முடிவு செய்தவர் அவர். அதில் கிடைத்த சட்டகம் அகலத்தில் நான்கு பங்கு, உயரத்தில் மூன்று பங்கு. மூன்று துளை என்றோ ஐந்து துளை என்றோ அவர் முடிவெடுத்திருந்தால் உலக சினிமாவின் முகமே வேறாக இருந்திருக்கும். பேசும் படம் வந்தபோது ஒலிக்கோடு ஓடுவதற்குச் சுருளில் கொஞ்சம் இடம் விட வேண்டியிருந்தது. அதையும் சேர்த்து ஹாலிவுட்டின் அகாடமி 1932-இல் 1.37-க்கு 1 என்று வரையறுத்தது. ஏறத்தாழ அதே 4:3-தான். நம் 'சந்திரலேகா', 'பராசக்தி' எல்லாம் இந்தச் சட்டகத்துக்குள் பிறந்தவை.

பிறகு தொலைக்காட்சி வந்தது. அதை வடிவமைத்தவர்களும், இருக்கிற சினிமா எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும் என்று 4:3-ஐயே எடுத்துக்கொண்டார்கள். சிங்கப்பூரில் 1963 பிப்ரவரி 15-ஆம் தேதி 'தெலிவிஷன் சிங்கப்பூரா' தொடங்கியது. தொடங்கி வைத்தவர் அன்றைய கலாசார அமைச்சர், யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம். வீட்டில் பெட்டி இல்லாதவர்கள் சமூக நிலையத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்த காலம் அது. அந்தப் பெட்டியில் ஒரு பழைய தமிழ்ப்படம் போட்டால் கறுப்புப் பட்டை எதுவும் வராது. படமும் பெட்டியும் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தும்.

அந்தப் பொருத்தத்தை உடைத்தது தொலைக்காட்சியேதான். அமெரிக்காவில் 1950-களின் தொடக்கத்தில் வீட்டுக்கு வீடு டிவி வந்ததும் தியேட்டருக்கு ஆள் வருவது குறைந்தது. வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்டினால்தான் ஆள் வருவான் என்று ஸ்டூடியோக்கள் யோசித்தன. 1952-இல் சினிராமா வந்தது. மூன்று புரொஜெக்டர்களை ஒன்றாக ஓட்டி, வளைந்த பெரிய திரையில் காட்டினார்கள். எல்லா ஊருக்கும் அது கட்டுப்படியாகாது. அடுத்த ஆண்டு ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் 'தி ரோப்' என்ற படத்தைச் சினிமாஸ்கோப்பில் கொண்டுவந்தது.

சினிமாஸ்கோப்பின் உள்ளே இருந்தது ஒரு லென்ஸ். பிரெஞ்சு விஞ்ஞானி ஹென்றி கிரேத்தியென் 1920-களிலேயே செய்து வைத்திருந்ததை, முப்பது ஆண்டு கழித்து ஃபாக்ஸ் தேடிப் பிடித்து வாங்கியது. கேமராவில் அந்த லென்ஸைப் போட்டால் பக்கவாட்டில் இரண்டு மடங்கு காட்சியைப் பிடித்து, அதைப் பாதியாக நெருக்கி, அதே 35 மில்லிமீட்டர் சுருளுக்குள் அடைத்துவிடும். சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மனிதர்கள் எல்லாம் தென்னை மரம்போல ஒல்லியாக நிற்பார்கள். கார்ச் சக்கரம் முட்டைபோல நிற்கும். தியேட்டரில் ஆப்பரேட்டர் எதிர் லென்ஸைப் போட்டதும் எல்லாம் விரிந்து இயல்பாகிவிடும். தியேட்டர்காரர் மாற்ற வேண்டியது லென்ஸையும் திரையையும்தான். அதனால்தான் அது உலகம் முழுக்கப் பரவியது. சிங்கப்பூரிலிருந்து தொழில் வளர்த்த ஷா சகோதரர்கள்கூடத் தங்கள் ஹாங்காங் படங்களுக்கு 'ஷாஸ்கோப்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

ஸ்கோப் படத்தின் விகிதம் முதலில் 2.55, பிறகு 2.35. இப்போது 2.39-க்கு 1. நாம் 48-க்கு 20 என்று ஒட்டி வைத்திருக்கிறோமே, அதேதான்.

இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம் குரு தத்தின் 'காகஸ் கே ஃபூல்', 1959. தமிழுக்கு அது வந்துசேர இன்னும் பதினான்கு ஆண்டு ஆனது. 1973-இல் ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில், சிவாஜி கணேசன் நடித்த 'ராஜராஜ சோழன்'. டி. கே. எஸ். சகோதரர்கள் மேடையில் நடத்திப் புகழ்பெற்ற அரு. ராமநாதனின் நாடகம்தான் அதற்கு மூலம். தஞ்சைப் பெரிய கோயில் கட்டியவனின் கதையைச் சொல்ல அகலமான திரை வேண்டும் என்று நினைத்தது எவ்வளவு பொருத்தம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அந்தப் படத்தை என் தந்தையாரோடு பார்த்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கதை அன்று பாதிதான் புரிந்தது. ஆனால் படம் தொடங்குவதற்கு முன்னால் நடந்த ஒன்றை நான் மறக்கவே இல்லை. விளம்பரத் துண்டுகள் எல்லாம் நடுத்திரையில் சிறியதாக ஓடி முடிந்தன. ஒரு நிமிடம் இருட்டு. பிறகு இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்த கறுப்புத் துணி, கிரீச் என்று ஒரு சத்தத்தோடு, மெல்ல மெல்ல விலகத் தொடங்கியது. விலகிக்கொண்டே போனது. திரை இத்தனை அகலமா என்று நான் தந்தையாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கறுப்புத் துணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. தியேட்டரிலும் கறுப்புப் பட்டை இருந்தது. படம் எந்த அளவோ அந்த அளவுக்குத் திரையைத் திறந்து, மிச்சத்தைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். சிறிய படம் என்றால் துணி உள்ளே வரும், ஸ்கோப் என்றால் வெளியே போகும். ஒருவரும் டிக்கெட் கவுண்டருக்குப் போய், பக்கத்தில் துணி தொங்குகிறது, காசைத் திருப்பிக் கொடு என்று கேட்டதில்லை. உங்கள் டிவியில் மேலும் கீழும் வருவது அதே துணி. துணியைத் தொங்கவிட ஆள் இல்லாததால் டிவி அந்த வேலையை வெளிச்சத்தை நிறுத்திச் செய்கிறது.

அதை நம்மால் ஏன் ஏற்றுக்கொள்ள முடியவில்லை? நடுவில் ஒரு முப்பது ஆண்டு நமக்கு வேறு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. அந்த முப்பது ஆண்டில் எங்கள் கடைக்கும் பங்கு உண்டு.

தியேட்டரிலிருந்து ஆளை இழுத்த டிவியை எதிர்க்கப் பிறந்தது ஸ்கோப். ஆனால் கொஞ்ச நாளில் அதே ஸ்கோப் படங்களை டிவிக்கே விற்க வேண்டி வந்தது. 1961-இல் அமெரிக்காவில் என்பிசி ஒளிபரப்பிய 'ஹவ் டு மேரி எ மில்லியனர்' அப்படிப் போன படம். 4:3 பெட்டியில் ஸ்கோப் படத்தை முழுதாகக் காட்டினால் திரையில் பாதிக்குச் சற்று மேல்தான் படம், மிச்சம் எல்லாம் கறுப்பு. அன்றைய 20 அங்குலப் பெட்டியில் அது பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி உட்கார்ந்து கோடுபோலப் பார்ப்பதற்குச் சமம். ஆகவே உயரத்தை நிறைத்துக்கொண்டு அகலத்தை வெட்டினார்கள். நூற்றில் 43 பங்கு போயிற்று. எந்தப் பக்கத்தை வெட்டுவது என்று காட்சிக்குக் காட்சி ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்து, சன்னலை இடமும் வலமும் நகர்த்துவார். 'பேன் அண்ட் ஸ்கேன்' என்று அதற்குப் பெயர். நமக்கு வந்த தமிழ்க் கேசட்டுகள் பலவற்றில் அந்த நகர்த்தலும் கிடையாது. நடுவை மட்டும் எடுத்துக்கொண்டு இரு ஓரத்தையும் விட்டுவிட்டார்கள்.

கேசட் காலத்து ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நினைவிருக்கிறதா? டைட்டில் ஓடும்போது எல்லாரும் ஒட்டடைக்குச்சிபோல நீண்டு தெரிவார்கள். பெயர்கள் வெட்டுப்படக் கூடாது என்று அந்தப் பகுதியை மட்டும் நெருக்கிய நிலையிலேயே விட்டுவைப்பார்கள். "இயக்கம்" என்று பெயர் வந்து மறைந்ததும் பட்டென்று எல்லாரும் சதை பிடித்துவிடுவார்கள். அந்த நொடியிலிருந்து ஓரங்கள் காணாமல் போகும். கணவன் இந்தக் கோடியில், மனைவி அந்தக் கோடியில், நடுவில் காலியான ஊஞ்சல் என்று ஓர் இயக்குநர் அமைத்திருந்தால், நமக்கு ஊஞ்சல் மட்டும் தெரியும். ஒரு மூக்கு இந்தப் பக்கம், ஒரு காது அந்தப் பக்கம். இருவருக்கும் இடையே உள்ள தூரத்தைக் காட்டத்தான் அவர் அந்த அகலத்தையே கேட்டு வாங்கியிருப்பார்.

இதை எதிர்த்தவர்களும் உண்டு. இயக்குநர் வுடி ஆலன் தம்முடைய 'மன்ஹாட்டன்' படம் வீடியோவில் வரும்போது முழு அகலத்தோடுதான் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அப்படியே வந்தது. அதில் மேலும் கீழும் இருந்த பட்டையின் நிறம் சாம்பல்.

அடுத்து விசிடி வந்தது. இந்த வட்டாரத்தில் அது எப்படி விற்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விசிடியில்தான் நம் மக்கள் முதன்முதலில் கறுப்புப் பட்டையைப் பரவலாகப் பார்த்தார்கள், அப்போதே அதை வெறுக்கவும் தொடங்கினார்கள். வெறுத்ததற்குத் தகுந்த காரணம் இருந்தது. விசிடியின் படம் மொத்தமே 288 கோடுகள். ஸ்கோப் படத்தை முழுதாக வைத்தால் படத்துக்குக் கிடைப்பது சுமார் 163 கோடு. மிச்சம் எல்லாம் கறுப்பைச் சேமிக்கவே செலவாயிற்று. தூரத்தில் நிற்பவர் ரஜினியா வேறு யாரா என்று முகம் தெரியாது. டிவிடி வந்தபோது 576 கோடு. அதிலும் பழைய முறையில் பதித்தால் படத்துக்கு 327 கோடு. அகலத்திரைக்கென்று நெருக்கிப் பதித்து, டிவியில் விரித்தால் சுமார் 435. மறுபடியும் கிரேத்தியெனின் யோசனைதான். சுருளில் செய்ததைத் தட்டில் செய்தார்கள். இன்றைய 1080 கோட்டுத் திரையில் ஸ்கோப் படத்துக்கு ஏறத்தாழ 800 கோடு கிடைக்கிறது. விசிடி காலத்துப் படத்தைப்போல அது ஐந்து மடங்கு. பட்டை அப்படியே இருக்கிறது, ஆனால் நாம் அன்று பட்ட குறை இன்று இல்லை. வெறுப்பு மட்டும் பழக்கத்தில் நின்றுவிட்டது.

சரி, புதிய டிவி செய்யும்போதாவது சினிமாவின் அளவுக்கே செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். 16:9 எங்கிருந்து வந்தது? 1980-களில் அமெரிக்காவில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர், நான் இன்று செய்ததைத்தான் செய்தார். காகிதத்தை வெட்டினார். அப்போது புழக்கத்தில் இருந்த ஒவ்வொரு விகிதத்துக்கும் ஒரு செவ்வகம். டிவியின் 1.33, ஐரோப்பாவின் 1.66, அமெரிக்காவின் 1.85, 70 எம்எம்மின் 2.20, ஸ்கோப்பின் 2.35. எல்லாவற்றுக்கும் பரப்பளவு ஒன்றே. அவற்றை நடுப்புள்ளி பொருந்த ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளிச்செவ்வகத்தை அளந்தார், 1.78-ஐ ஒட்டி வந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ளே அமைந்த செவ்வகத்தை அளந்தார், அதுவும் 1.78-ஐ ஒட்டியே வந்தது. அதுதான் 16:9. பழைய டிவிக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே பெருக்கல் சராசரி எடுத்தாலும் அதே எண்தான் கிடைக்கும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் சண்டையிட்டால் தாய் நடுவில் உட்கார்ந்துகொள்வாள் அல்லவா? அப்படி உட்கார்ந்த எண் அது. எந்த வகைப் படத்தைப் போட்டாலும் வீணாகும் இடம் அளவோடு இருக்கும்.

2009-இல் பிலிப்ஸ் நிறுவனம் துணிந்து 21:9 டிவி ஒன்றைக் கொண்டுவந்தது. ஸ்கோப் படம் விளிம்புவரை நிறைந்து நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் செய்தியோ, நாடகமோ, பந்தாட்டமோ போட்டால் இரு பக்கமும் கறுப்பு. மேலிருந்த பட்டை பக்கத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். சில ஆண்டுகளில் அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள்.

இங்கே 2013 டிசம்பரில் மீடியாகார்ப் ஒளிவழிகள் மின்னிலக்க ஒளிபரப்புக்கு வரத் தொடங்கின. 2019 ஜனவரித் தொடக்கத்தோடு பழைய அனலாக் ஒளிபரப்பு முடிந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளின் கூடத்தை அடைத்துக்கொண்டிருந்த குண்டுப் பெட்டிகளில் பல அந்தச் சமயத்தில்தான் கீழே இறங்கின. அத்தோடு 4:3 என்ற வடிவமே வீட்டை விட்டுப் போயிற்று. இங்கேதான் நான் மிகவும் வருந்தும் விஷயம் தொடங்குகிறது.

இதுவரை மேலும் கீழும் வரும் பட்டையைப் பற்றிப் பேசினேன். இனி இடமும் வலமும் வரும் பட்டை. இந்த அட்டையில் மேலும் கீழும் ஒட்டிய தாள்களைக் கிழித்துவிட்டு, இந்தப் பக்கம் 6 சென்டிமீட்டர், அந்தப் பக்கம் 6 சென்டிமீட்டர் ஒட்டுகிறேன். நடுவில் 36-க்கு 27. டிக்சனின் பழைய சட்டகம். நம் தாத்தா பாட்டி பார்த்த படங்கள் எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றன. ஸ்கோப் படத்தை வெட்டினால் கோபப்படச் சிலராவது இருக்கிறார்கள். பழைய படத்தை என்ன செய்தாலும் கேட்க ஆள் இல்லை. பக்கவாட்டில் இழுத்துத் திரையை நிறைக்கிறார்கள். இழுத்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். பத்மினி ஆடிய ஆட்டத்தை, அந்த உடம்பின் அளவும் கை வீச்சின் கோணமும் கெட்டுப்போன நிலையில் நம் பேரப்பிள்ளைகள் பார்க்கிறார்கள். பழைய நடிகைகள் எல்லாம் குண்டாக இருப்பார்களா தாத்தா என்று என் பேத்தியே கேட்டிருக்கிறாள்.

ஏ. பி. நாகராஜனுக்கே வருகிறேன். 1973-இல் அகலத்திரையைத் தமிழுக்குக் கொண்டுவந்த அதே மனிதர், 1965-இல் 'திருவிளையாடல்' எடுத்தபோது பழைய சட்டகத்துக்காகவே எடுத்தார். 2012-இல் அந்தப் படம் சினிமாஸ்கோப்பாக மறுவெளியீடு கண்டது. இளைஞர்கள் தியேட்டருக்கு வந்து பார்த்தார்கள் என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கணக்கு கணக்குதான். 36-க்கு 27-ஆக எடுத்த படத்தை ஸ்கோப்பாக்க இரண்டே வழி. பக்கவாட்டில் இழுக்கலாம், அல்லது மேலும் கீழும் வெட்டலாம். வெட்டினால் 27 சென்டிமீட்டர் உயரத்தில் 15 சொச்சம்தான் மிஞ்சும். புராணப் படத்தில் உயரம் எவ்வளவு முக்கியம் என்று யோசியுங்கள். தலையில் கிரீடம், காலில் சலங்கை. சிவனின் அடியையும் முடியையும் தேடிப் போன திருமாலும் பிரமனும் காணாமல் திரும்பிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திரையில் சிவனாக வந்த சிவாஜிக்கு அடியும் முடியும் இருந்தன, நாகராஜன் அவற்றைச் சட்டகத்துக்குள் வைத்தே எடுத்தார். அதே படத்தில் நக்கீரராக நடித்ததும் நாகராஜன்தான். இறைவன் எதிரில் நின்றாலும் குற்றத்தைச் சுட்டிக்காட்டத் தயங்காத புலவராக நடித்த அவர் இன்று இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் பல முறை நினைத்ததுண்டு.

பக்கப் பட்டைக்கு எதிராக நாங்களும் கடையில் ஒரு காலத்தில் பேசியிருக்கிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்மா டிவி விற்றபோது அதில் ஒரே இடத்தில் நெடுநேரம் கறுப்பு நின்றால் தடம் விழுந்துவிடும். நடுப்பகுதி தேய்ந்து, ஓரம் புதியதுபோல் பளிச்சென்று நிற்கும். அதனால் வாடிக்கையாளர்களிடம் இழுத்தே பாருங்கள் என்று சொன்னோம். பிளாஸ்மா போய்ப் பல ஆண்டு ஆகிவிட்டது. அந்தப் பழக்கம் போகவில்லை. எல்சிடியில் இன்னொரு குறை உண்டு. பின்னாலிருந்து விளக்கு எரிவதால் பட்டை முழுக் கறுப்பாக இராது, இருட்டறையில் சாம்பலாகக் கசியும். அது கண்ணை உறுத்துவது உண்மைதான். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தனியாக அணைந்துவிடும். சுவரோடு சுவராகப் பட்டை மறைந்து, படம் மட்டும் இருட்டில் மிதக்கும். விலை கட்டுப்படியாகாதவர்கள் டிவிக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கை எரியவிட்டுப் பாருங்கள். கண்ணுக்குப் பட்டை கறுத்துத் தெரியும்.

ஜூம் போடுபவர்களுக்கு இன்னொன்று. நம் வீடுகளில் பாட்டி வசனத்தைக் கேட்கிறார், பேரன் கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படிக்கிறான். ஜூம் போட்டால் அந்த எழுத்தில் பாதி திரைக்கு வெளியே போய்விடும். பேரன் எழுந்து அறைக்குள் போய்விடுவான். இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஒரு சம்பவம். கிச்சனர் சாலைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் புது டிவி பொருத்தப் போயிருந்தேன். பொருத்தி முடித்ததும், அந்த வீட்டு அம்மா தம் கல்யாண வீடியோவைப் போடச் சொன்னார். கேசட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி வைத்திருந்தார். கணவர் இறந்து இரண்டு ஆண்டு. படம் ஓடத் தொடங்கியதும் அவர் முகம் மாறிவிட்டது. "இவர் இப்படி இருக்க மாட்டாரே, ஒல்லியா இருப்பாரே தம்பி" என்றார். டிவி தானாகவே படத்தை இழுத்துவிட்டிருந்தது. மாலையும் கழுத்துமாக நின்ற அந்த மனிதரை மூன்றில் ஒரு பங்கு அகலமாக்கிவிட்டது. ரிமோட்டில் 4:3-க்கு மாற்றினேன். இரு பக்கமும் கறுப்பு வந்தது. நடுவில் ஒல்லியான ஒரு மாப்பிள்ளை, தலை குனிந்து தாலி கட்டிக்கொண்டிருந்தார். நான் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பும்வரை அந்த அம்மா நின்றுகொண்டேதான் பார்த்தார், உட்காரவில்லை. ஜூம் பொத்தானை நான் யாருக்கும் அழுத்திக் கொடுக்காமல் விட்டது அன்றிலிருந்துதான்.

இப்போது வெளியே போனால் ரேஸ் கோர்ஸ் சாலைப் புல்வெளியில் நம் ஊழியத் தம்பிகள் உட்கார்ந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை. கையில் கைப்பேசி, இரண்டு பேருக்கு ஒரு காதுமாட்டி. அந்தத் திரை இன்று 20:9. ஸ்கோப் படத்துக்கு உங்கள் வீட்டு டிவியைவிட அதுதான் நெருக்கம். படம் கிட்டத்தட்ட முழுத் திரையையும் நிறைத்துவிடுகிறது. ஆனால் அதே திரையில் ஒரு எம்ஜிஆர் படத்தைப் போட்டால் அகலத்தில் நூற்றுக்கு அறுபது பங்குதான் நிறையும். உடனே இரண்டு விரலை வைத்து விரித்துவிடுகிறார்கள். விரித்தால் எம்ஜிஆரின் தொப்பி போய்விடும். அங்கே போய் நான் யாரையும் தடுப்பதில்லை. அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள். ஆனால் யாராவது கேட்டால் சொல்வேன்.

இங்கிருந்து மெக்கன்சி சாலை கூப்பிடு தூரம். அங்கே 1946-இல் திறந்த ரெக்ஸ் தியேட்டர், 1983-இல் மூடி, 2009-இல் மறுபடி திறந்து தமிழ்ப்படம் ஓட்டியது. அந்தப் பக்கமாக நடக்கும்போதெல்லாம் கறுப்புத் துணி விலகும் அந்தக் கிரீச் சத்தம் எனக்குக் கேட்கும்.

பேச்சு போதும். பின்னால் ஒரு டிவி வைத்திருக்கிறோம். 1948-இல் ஜெமினி எஸ். எஸ். வாசன் எடுத்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தில் ஒரு நிமிடத்தை மூன்று விதமாக ஓட்டப் போகிறேன். முதலில் இழுத்த படம். அதில் முரசுகளை மட்டும் பாருங்கள், வட்டமா முட்டையா என்று. அடுத்து ஜூம். அதில் முரசின்மேல் நின்று ஆடும் பெண்களின் தலையையும், கீழ்வரிசையில் இருப்பவர்களையும் தேடுங்கள். மூன்றாவது, இரு பக்கமும் கறுப்போடு, வாசன் வைத்த சட்டகத்தில். முன்வரிசையில் இருப்பவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருந்தால் வித்தியாசம் பிடிபடாது. தம்பி, அந்த ஓரத்து விளக்கையும் அணைத்துவிடுங்கள்.